ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது ஒரு சத்தம்: பழைய காரின் அதிர்வை வீட்டிலேயே இனங்காண்பது

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக றம்பொடை வளைவுகளில் ஏறுகிறது ஒரு மொரிஸ் மைனர். பின் சீட்டுக்கு அடியில் "ஊ...ங்" என்று ஒரு முனகல். நுவரெலியாவைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் அந்த முனகல் அடங்கி, வேறொரு உறுமல் எழும்புகிறது. காரின் சொந்தக்காரர் நேராகக் கராஜுக்குப் போய், "டிஃபரன்சல் போய்விட்டது, கழற்றுங்கள்" என்கிறார் (பின் எக்சிலின் நடுவே இருந்து இரு சில்லுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்சல்). கழற்றிப் பார்த்தால் உள்ளே பற்கள் நன்றாகவே இருக்கின்றன. இது மலைநாட்டில் அடிக்கடி நடக்கிறது. கழற்றும் கூலியும் போகிறது. பல வருடங்களாகப் பொருந்தி ஓடிய பற்களின் இணைப்பும் கலைந்துபோகிறது.

பழைய காரின் உடல் ஒரு மேளம் மாதிரி. கியர்பொக்ஸில் பிறக்கும் சத்தம் தரைத்தகடு வழியாக ஓடிப் பின் சீட்டில் கேட்கும். முன் சில்லின் பெயாரிங் உறுமுவது பின்னால் இருப்பவருக்குத் தன் காலடியில் கேட்பதுபோல இருக்கும். எனவே சத்தம் கேட்கிற இடத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்தச் சத்தம் எதன் வேகத்தோடு ஏறி இறங்குகிறது? எஞ்சின் இழுக்கும்போதும் விடும்போதும் இது மாறுகிறதா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால், ஸ்பானரைத் தொடும் முன்பே சந்தேகப் பட்டியல் இரண்டு மூன்று உறுப்புகளாகச் சுருங்கிவிடும்.

மூன்று வேகங்கள்

முன்னால் எஞ்சினும் பின்னால் எக்சிலும் உள்ள பழைய கார்களில் (மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன் மின்க்ஸ், ஃபோர்ட் அங்லியா போன்றவை) மூன்று வகை வேகத்தில் உறுப்புகள் சுழல்கின்றன. எஞ்சினும் கிளச்சும் ஒரு வேகம். கியர்பொக்ஸின் வாலிலிருந்து பின்னால் ஓடும் ப்ரொப் ஷாஃப்டும், அது சுழற்றும் டிஃபரன்சலின் சிறு பற்சக்கரமான பினியனும் இரண்டாவது வேகம். பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல், அரை எக்சில், டிரம், சில்லு, டயர் ஆகியவை மூன்றாவது வேகம்.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். 1098 சிசி மொரிஸ் மைனரின் பின் எக்சில் விகிதம் 4.22, அதாவது சில்லு ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் நான்கே கால் முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். 145R14 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் ஓடும். கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் சில்லு வினாடிக்கு ஏறத்தாழ 7.7 சுற்று, ஷாஃப்ட் 32, 33 சுற்று. டொப் கியரில் எஞ்சினும் அதே 32, 33 சுற்றுத்தான், ஏனென்றால் அங்கே விகிதம் ஒன்றுக்கு ஒன்று. அதே 50 இல் மூன்றாம் கியருக்கு மாற்றினால் எஞ்சின் 46 சுற்றுக்கு ஏறிவிடும். ஷாஃப்டும் சில்லும் பழைய வேகத்திலேயே இருக்கும்.

வினாடிக்கு ஏழெட்டு முறை வரும் ஆட்டத்தை உடம்பு ஆட்டமாகவே உணரும்: ஸ்டீரிங் குலுங்கும், சீட் மேலும் கீழும் ஆடும். வினாடிக்கு 30க்கு மேல் போனால் அது நடுக்கமாகவும் ரீங்காரமாகவும் மாறிவிடும். பின்பார்க்கும் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் மங்கித் தெரியும். 50 இல் ஆட்டமாக வந்தால் சில்லுப் பக்கம், ரீங்காரமாக வந்தால் ஷாஃப்ட் அல்லது எஞ்சின் பக்கம் என்று தொடங்கலாம். ஷாஃப்டா எஞ்சினா என்ற சந்தேகத்துக்கு விடை கியர் மாற்றத்தில் இருக்கிறது. அதே வேகத்தில் டொப்பிலிருந்து மூன்றாம் கியருக்கு வந்து பாருங்கள். ரீங்காரம் மாறாமல் நின்றால் ஷாஃப்ட். சுருதி ஏறினால் எஞ்சினோ கிளச்சோ.

உங்கள் காரின் விகிதம் தெரியாவிட்டால் சமதரையில் நிறுத்தி, ஒரு பின் சில்லிலும் ப்ரொப் ஷாஃப்டிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, காரை நியூட்ரலில் நேராகத் தள்ளச் சொல்லுங்கள். சில்லு சரியாக ஒரு சுற்று முடிக்கும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணினால் போதும். நான்கும் கொஞ்சமும் வந்தால் 4.22, நான்கரை வந்தால் 948 சிசி மைனருக்குரிய 4.55, நான்கே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் தோட்டத்து சீரிஸ் லேண்ட் ரோவருக்குரிய 4.7. லேண்ட் ரோவரில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கியர்பொக்ஸுக்குப் பின்னால், முன் பின் எக்சில்களுக்கு விசையை அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டி இருப்பதால் டொப் கியரிலும் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை.

கையடக்கத் தொலைபேசியில் அதிர்வை அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. தொலைபேசியைச் சீட்டுத் தண்டவாளத்தில் இறுக்கி ஒட்டி ஓடவிட்டால் அதிர்வு வினாடிக்கு எத்தனை முறை என்று ஹேர்ட்ஸில் காட்டும். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் 7.7 சில்லு, 32 அல்லது 33 ஷாஃப்டின் சமநிலைக் குறை, அதன் இரட்டிப்பான 65 யூனிவர்சல் ஜொயின்ட் (ஷாஃப்டின் முனைகளில் சாய்வாகவும் சுழலவிடும் மூட்டு) என்று பிரித்துவிடலாம். பழைய ஸ்பீடோமீட்டரின் முள் நடனமாடும்; வேகத்தையும் தொலைபேசியின் ஜிபிஎஸ் மூலமே எடுப்பது நல்லது. எழுதுவதும் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பவரின் வேலை. ஓட்டுபவரின் கண் பாதையில்தான் இருக்க வேண்டும்.

மூன்று சுமைகள்

தட்டையான ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி மலையில் இருக்கிறது. கியரின் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகம். எஞ்சின் காரை இழுக்கும்போது ஒரு முகம் அழுந்தும். காரின் எடை எஞ்சினைத் தள்ளும்போது மறுமுகம் அழுந்தும். ஏற்றத்தில் நீண்ட நேரம் முதல் முகத்தையும், இறக்கத்தில் கியரிலேயே விட்டு வரும்போது இரண்டாம் முகத்தையும் கேட்கலாம். இவற்றை இழுவை, தாங்கல் என்று அழைப்போம். இரண்டுக்கும் நடுவில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து வேகத்தை மாறாமல் வைத்திருப்பது மிதப்பு.

இழுவையில் மட்டும் கேட்பது, தாங்கலில் மட்டும் கேட்பது, மூன்றிலும் ஒரே மாதிரிக் கேட்பது, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் கணத்தில் "டக்" என்று தட்டுவது: இந்த நான்கில் உங்கள் சத்தம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் மாறாமல் கேட்டால் பற்களை விட்டுவிட்டு டயரையும் பெயாரிங்கையும் பாருங்கள். மாறும் கணத்தில் மட்டும் தட்டினால் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது.

நியூட்ரலில் உருட்டிக் கேட்கும் சோதனையை இறக்கத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது. டிரம் பிரேக் மட்டும் உள்ள பழைய கார், கியரின் பிடி இல்லாமல் றம்பொடையிலோ கினிகத்தேனையிலோ இறங்கினால் சில வளைவுகளிலேயே பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதற்குச் சமதரை வேண்டும். மலையில் அது அரிதுதான்; கிரகறி வாவியை ஒட்டி ஓடும் வீதி போன்ற ஒரு துண்டு, விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், பத்து வினாடி போதும். 40 இல் நியூட்ரலுக்கு வந்து எஞ்சினை ஐட்லுக்கு விடுங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினும் கிளச்சும் குற்றமற்றவை.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. காரை நிறுத்திவைத்து, நியூட்ரலில், தொல்லை வரும் அதே சுற்றுக்கு எஞ்சினை உயர்த்திப் பாருங்கள். நின்ற இடத்திலேயே நடுக்கம் வந்தால் எக்சில் பக்கம் போக வேண்டியதில்லை. பிளக் வெட்டுவது, எஞ்சின் மவுன்டிங் ரப்பர் எண்ணெயில் ஊறிக் கிழிந்தது, ஃபேன் இதழ் வளைந்தது, எக்சோஸ்ட் குழாய் தரைத்தகட்டில் முட்டுவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் டியூன் செய்த காபரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும், எஞ்சின் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை ஷாஃப்ட் நடுக்கம் என்று நினைத்துக் கீழே படுத்துத் தேடுபவர்கள் நிறையப் பேர்.

டயரும் சில்லும்

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். தோட்டத்து ரோட்டில் மழைக்காலத்தில் ஓடிய கார் என்றால் சில்லைக் கழற்றி ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். செம்மண் சேறு ஒரு பக்கம் அப்பிக் காய்ந்திருக்கும். ஒரு கைப்பிடி மண் போதும், 60 இல் ஸ்டீரிங் குலுங்க. சுரண்டிக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பல வாரங்கள் நின்ற காரின் டயர், தரையைத் தொட்ட இடத்தில் சப்பையாகியிருக்கும். முதல் சில கிலோமீட்டர் "தொப் தொப்" என்று அடித்துப் பின் சூடேறியதும் குறைந்தால் காரணம் இதுதான். உள்நூல் குறுக்குமறுக்காக ஓடும் பழைய குரோஸ்பிளை டயர்களில் இது அதிகம். குறையவே இல்லை என்றால் டயரின் உள்நூல் விட்டிருக்கலாம். சில்லைத் தூக்கிச் சுற்றி, ஒரு கம்பியை டயருக்கு அருகே நிலையாக வைத்துப் பாருங்கள். டயர் ஓரிடத்தில் புடைத்துக் கம்பியைத் தொட்டால் அந்த டயரை இனி மலைப்பாதையில் ஓட்டக் கூடாது.

டயர் சத்தத்தையும் டிஃபரன்சல் சத்தத்தையும் பிரிப்பது பாதை. புதிய காபட் ரோட்டிலிருந்து பழைய சல்லி ரோட்டுக்கு இறங்கும்போது டயரின் சத்தம் மாறும். டிஃபரன்சலின் முனகல் மாறாது. சந்தேகம் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றுங்கள். சத்தம் கூடவே இடம் மாறினால் டயர்தான்.

சில்லுப் பெயாரிங் தேய்ந்தால் இழுவை, தாங்கல் என்ற வேறுபாடு இல்லாமல் உறுமும். ஆனால் வளைவில் மாறும். கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சில்லுகளில் சாய்கிறது. எனவே இடது வளைவில் உறுமல் கூடினால் வலது பெயாரிங்கைச் சந்தேகியுங்கள்; வலது வளைவில் கூடினால் இடதை. அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள் வரும் பாதையில் பத்து நிமிடத்தில் இதை உறுதிசெய்யலாம். பிறகு அந்தச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இன்னொரு கையை ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு சில்லைச் சுற்றுங்கள். கெட்ட பெயாரிங்கின் கரகரப்பு காதைவிடக் கைக்கு முதலில் தெரியும்.

காருக்கு அடியில் போகும் முன்

மலையில் உண்மையான சமதரை முற்றம் குறைவு. மழைக்குப் பின் மண் இறங்கும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போக வேண்டாம். இரண்டு ஸ்டாண்டுகள், அவற்றின் அடியில் தடித்த பலகை, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இருபுறமும் அண்டைக் கட்டை. அடியில் போகும் முன் காரைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள்.

சீரிஸ் லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதன் ஹேண்ட்பிரேக் சில்லில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால், ப்ரொப் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சில்லைத் தூக்கியவுடன் டிஃபரன்சல் வழியாக மற்றச் சில்லு சுழல விடுபட்டுவிடும். ஹேண்ட்பிரேக் இறுக்கமாக இருந்தாலும் வாகனம் உருளும். அண்டைக் கட்டை இல்லாமல் அந்த வாகனத்தைத் தூக்கவே கூடாது.

ப்ரொப் ஷாஃப்டும் யூனிவர்சல் ஜொயின்டும்

வீட்டில் கண்டுபிடித்து வீட்டிலேயே திருத்தக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான். ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஜொயின்ட். அதன் நடுவே கூட்டல் குறி வடிவில் ஒரு குரோஸ். அதன் நான்கு கால்களிலும் நான்கு கிண்ணம். கிண்ணத்துக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். கிரீஸ் வற்றினாலோ தண்ணீர் புகுந்தாலோ அந்த ஊசிகள் துருப்பிடித்துக் குரோஸின் காலில் பள்ளம் போடும்.

அடையாளங்கள் படிப்படியாக வரும். முதலில், நடக்கும் வேகத்தில் போகும்போது குருவி கத்துவதுபோல் "கீச் கீச்" என்று ஒரு சத்தம். அது காய்ந்த ஊசி. அடுத்து, கிளச்சை விடும்போதும் ஆக்சிலரேட்டரை மிதித்து எடுக்கும்போதும் "டக்". கடைசியாக நடுக்கம். கீழே படுத்துப் பார்த்தால் கிண்ணத்தைச் சுற்றிச் செங்கல் தூள் போன்ற துருப்பொடி ஒட்டியிருக்கும். அந்தப் பொடி தெரிந்தால் கிரீஸ் அடித்துக் காப்பாற்றும் காலம் கடந்துவிட்டது.

உறுதிசெய்ய: எஞ்சினை அணைத்து, கட்டை வைத்து, காரைக் கியரில் போடுங்கள். ஒரு கையால் ஷாஃப்டையும் மறுகையால் ஷாஃப்ட் பூட்டப்படும் தட்டான ஃபிளாஞ்சையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். பார்க்க வேண்டியது குரோஸுக்கும் கிண்ணத்துக்கும் இடையே. அங்கே கண்ணுக்குத் தெரியும் எந்த அசைவும் இருக்கக் கூடாது. ஷாஃப்ட் முழுவதுமாகச் சற்றுத் திரும்பினால் பயப்பட வேண்டாம். டிஃபரன்சல் பற்களுக்கும் கியர்பொக்ஸ் பற்களுக்கும் இடையிலுள்ள இயல்பான இடைவெளிதான் அது. பிறகு ஷாஃப்டை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். முன் முனையில், ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் பல்வெட்டுள்ள வழுக்குப் பகுதி தேய்ந்திருந்தால் அங்கே ஆடும். ஒரு ஸ்குரூடிரைவரை நெம்புகோலாக வைத்தால் சிறிய ஆட்டமும் வெளிப்படும்.

ஜொயின்ட் மாற்றும்போது பலர் செய்யும் தவறுகள் ஷாஃப்டையே கெடுக்கின்றன. கழற்றுவதற்கு முன்பு, பின்பக்க ஃபிளாஞ்சின் இரு பாதிகளிலும் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அதே நிலையில்தான் திரும்பப் பூட்ட வேண்டும். வழுக்குப் பகுதியை உருவினால் அதற்கும் கோடு. இரு முனைகளிலும் குரோஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளரே அம்புக்குறி பொறித்திருப்பார். அழுக்கைத் துடைத்துத் தேடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. சாய்வாக ஓடும் ஜொயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். ஒரே தளத்தில் இருந்தால் முன் ஜொயின்ட் போடும் கோணலைப் பின் ஜொயின்ட் நேராக்கிவிடும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் இரண்டும் சேர்ந்து நடுங்கும். புது ஜொயின்ட் போட்ட பிறகு நடுக்கம் கூடிவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கிண்ணத்தை வைஸில் வைத்து அழுத்தும்போது ஓர் ஊசி சாய்ந்து அடியில் விழுந்தால் கிண்ணம் முழுதாக இறங்காது. கிண்ணம் வெளியேறாமல் தடுக்கும் வளையமான சர்க்லிப் அதன் பள்ளத்தில் உட்காராது. அடித்து இறக்கப் பார்க்காமல் வெளியே எடுத்து, கிரீஸ் வைத்து ஊசிகளை நிறுத்தி, மீண்டும் போடுங்கள். பூட்டி முடித்ததும் ஜொயின்ட் எல்லாத் திசையிலும் ஒரே மென்மையோடு மடங்க வேண்டும். ஒரு திசையில் இறுகினால் கவையின் காதை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கிண்ணம் சர்க்லிப்போடு ஒட்டி இளகும். இறுகிய ஜொயின்டும் தேய்ந்த ஜொயின்டைப் போலவே நடுங்கும்.

ஜொயின்டுகள் நன்றாக இருந்தும் குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் ரீங்காரம் வந்தால் ஷாஃப்டின் சமநிலையைப் பாருங்கள். கல்பட்ட நெளிவு, ஒரு பக்கம் மட்டும் அப்பிய தார், கழன்று விழுந்த சிறு எடைத்தகட்டின் வெல்டிங் தடம். நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் சுற்றி, நடுப்பகுதியில் கம்பி வைத்து அளந்தால் அரை மில்லிமீட்டருக்கு மேல் வளைந்து ஓடும் ஷாஃப்டை லேத் பட்டறைக்கு அனுப்புவதே சரி. வளைவில்லை என்றால் வீட்டில் ஒரு பழைய முறை இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும் ஹோஸ் கிளிப் ஒன்றை ஷாஃப்டின் பின்முனைக்கு அருகே இறுக்குங்கள். திருகுத் தலை மேலே இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். பிறகு கால் சுற்று திருப்பி மறுபடி. இப்படி நான்கு நிலை. நடுக்கம் மிகக் குறைந்த நிலையைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சிறிது சிறிதாக நகர்த்திச் சரிசெய்யலாம். ஒரு கிளிப்பின் எடை கூடுதலாகத் தெரிந்தால் இரண்டு கிளிப் போட்டு, தலைகளை விலக்கி வையுங்கள். விலக விலக அவற்றின் விளைவு குறையும். சோதனை ஓட்டம் பாதையில்தான். பின் சில்லுகளைத் தூக்கிவிட்டு, எஞ்சினை ஓட்டி, கீழே படுத்துப் பார்ப்பது உயிராபத்து.

கோணமும் நடுக்கத்தைத் தரும். கியர்பொக்ஸ் மவுன்டிங் எண்ணெயில் ஊறி அமுங்கினால் முன் கோணம் மாறும். பாரம் ஏற்றி ஏற்றிப் பின் பட்டை ஸ்பிரிங் தொய்ந்தால் பின் கோணம் மாறும். கார் தன் சில்லுகளிலேயே நிற்கும்போது கியர்பொக்ஸின் பின் ஃபிளாஞ்சிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் தொலைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு பாகை வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஜக்கில் தூக்கி எக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

பெஜோ 404 இல் இதையெல்லாம் பார்க்க முடியாது. ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் மினியிலும் இப்படியொரு ஷாஃப்டே கிடையாது.

டிஃபரன்சல்

கையைத் தூரத்தில் வைத்து, காதை அருகில் வைக்க வேண்டிய உறுப்பு இது. இழுவையில் மட்டும், குறிப்பிட்ட வேக எல்லைக்குள் "ஊ...ங்" என்றால் பினியன், கிரவுன் வீல் பற்களின் இழுவை முகம் தேய்ந்திருக்கிறது. தாங்கலில் முனகினால் பினியன் பெயாரிங் தளர்ந்து பினியன் முன்பின் நகர்கிறதா என்று பாருங்கள்: ஷாஃப்டைக் கழற்றி, பினியன் ஃபிளாஞ்சை உள்ளும் வெளியும் இழுத்தால் அசைவே இருக்கக் கூடாது. வளைவில் மட்டும் கடகடத்தால், திரும்பும்போது மட்டும் வேலை செய்யும் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள். வளைவில் சில்லுப் பெயாரிங்கும் சத்தம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். அது நேர்ப்பாதையிலும் கொஞ்சம் உறுமும், இவை நேர்ப்பாதையில் மௌனம்.

தாள லயத்தோடு "டொக்... டொக்..." என்று அடித்தால் பல் உடைந்திருக்கலாம். நடக்கும் வேகத்தில் ஓட்டி, சில்லில் ஒரு வெள்ளை நாடா ஒட்டி, ஒருவரை எட்டி நின்று எண்ணச் சொல்லுங்கள். சில்லின் ஒரு சுற்றுக்கு ஓர் அடி என்றால் கிரவுன் வீல் பல், அல்லது கோணிய டிரம், அல்லது தளர்ந்த வீல் நட். நட்டை முதலில் இறுக்கிப் பாருங்கள். 4.22 விகிதக் காரில் பத்துச் சுற்றுக்கு நாற்பத்திரண்டு அடி என்றால் பினியன் பல். அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

ஒயில் மட்டம் பார்க்காமல் இதில் எதையும் முடிவுசெய்ய வேண்டாம். சமதரையில், ஓடி வந்து சற்று ஆறிய பின், நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள். ஒயில் துளையின் விளிம்பில் நிற்க வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் பொய் மட்டம் காட்டும். மலையில் பாதி வறண்ட டிஃபரன்சல்கள் இப்படித்தான் உருவாகின்றன. மைனரின் எக்சிலுக்கு 90 எடையுள்ள ஹைப்பொயிட் ஒயில் (டிஃபரன்சல் பற்களுக்கான தடித்த ஒயில்) ஏறத்தாழ 0.85 லீட்டர் பிடிக்கும். அதை அப்படியே கியர்பொக்ஸிலும் ஊற்றாதீர்கள்: மைனரின் கியர்பொக்ஸ் எஞ்சின் ஒயிலில் ஓடுவது. ஹைப்பொயிட் ஒயிலில் உள்ள கந்தகச் சேர்மம் சில கியர்பொக்ஸ்களின் வெண்கல வளையங்களை அரிக்கும்.

வடித்த ஒயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தத்தை ஓட்டுங்கள். சாம்பல் நிறப் பசை சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் துணுக்கு சாதாரணமில்லை. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர். எக்சிலின் மேலுள்ள காற்றுத் துளை சேற்றில் அடைபட்டால், சூட்டில் அழுத்தம் ஏறி ஒயில் சீல் வழியாக வெளியேறிப் பிரேக் லைனிங்கை நனைக்கும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட ஒரு நிமிடம் போதும்.

பினியன் நட்டை "கொஞ்சம் இறுக்கினால் சரியாகும்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த நட் பெயாரிங்கின் முன்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அளவுக்கு மீறி இறுகினால் நல்ல பெயாரிங்கும் கருகும்.

கியர்பொக்ஸும் கிளச்சும்

கார் நின்றபடி, எஞ்சின் ஐட்லில், நியூட்ரலில் கேளுங்கள். கரகரப்பு இருந்து, கிளச்சை மிதித்ததும் மறைந்தால் கியர்பொக்ஸின் முன் பெயாரிங். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங். மைனரிலும் அதன் உறவுக்கார ஒஸ்டின்களிலும் இது கரி வளையம். தேய்ந்து தீர்ந்தால் இரும்போடு இரும்பு உரசும் "கிறீச்" கேட்கும். கிளச்சில் காலை வைத்தபடியே மலையிறங்கும் பழக்கம் அதைத் தின்றுவிடும்.

ஓடும்போது ஒன்று, இரண்டு, மூன்றாம் கியர்களில் உறுமி, டொப்பில் அமைதியானால், கியர்பொக்ஸுக்குள் கீழே ஓடும் துணைத்தண்டான கீழ்த்தண்டின் பெயாரிங். டொப்பில் விசை நேராகப் போய்விடுகிறது. கீழ்த்தண்டு சுமையின்றிச் சும்மா சுழலும். மலையில் மூன்றாம் கியரே வாழ்க்கை என்பதால் இது இங்கே சீக்கிரம் தேயும். முதல் கியரும் ரிவர்சும் முனகுவது பெரும்பாலான பழைய கார்களில் பிறவிக்குணம். அந்தப் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. அதற்காகக் கழற்ற வேண்டாம். தாங்கலில் இறங்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் மட்டும் காத்திருக்காமல் திருத்துங்கள். இறக்கத்தில் எஞ்சின் பிடி திடீரென விடுபடும்.

ஏற்றத்தில் புறப்படும்போது கார் முழுவதும் உதறி, ஓடத் தொடங்கியதும் சரியானால் கிளச் தகட்டில் ஒயில் பட்டிருக்கலாம், அல்லது மவுன்டிங் தளர்ந்திருக்கலாம். மைனரின் ஏ சீரிஸ் எஞ்சினில் பின்பக்கம் ரப்பர் சீல் இல்லை. ஒயிலைத் திருப்பி அனுப்பும் சுருள்பள்ளம் மட்டுமே. எஞ்சின் சுழலாதபோது அது தடுக்காது. மூக்கு மேட்டைப் பார்த்தபடி சரிவில் இரவு முழுக்க நிறுத்தினால் ஒயில் பின்னால் தேங்கிக் கசியும். முடிந்தவரை மட்டத்தில், இல்லாவிட்டால் மூக்கைச் சரிவின் கீழ்ப்பக்கம் வைத்து, சில்லுக்கு அண்டை கொடுத்து நிறுத்துங்கள்.

எதைத் திருத்தினாலும் அதே பாதையில், அதே வேகத்தில், அதே கியரில் மறுபடி ஓட்டிப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். ப்ரொப் ஷாஃப்டைக் கழற்றிப் பூட்டியிருந்தால் ஃபிளாஞ்சின் நான்கு நட்டுகளும் புதிய தானிறுகும் நட்டுகளாக இருக்கட்டும். 50 கிலோமீட்டர் ஓடிய பின் கீழே படுத்து அந்த நான்கிலும் ஸ்பானரை வைத்துப் பாருங்கள்.